யெஸ்ரயேலின் மூப்பர்கள்

நெய்வேலி நகரியத்தின் கிறிஸ்தவ வீடுகளில் கண்ணீரோடு ஏறெடுக்கப்படும் ஜெப விண்ணப்பங்களில் ஒன்று, நிலக்கரி நிறுவனத்தில் வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும் என்பது. மகனுக்காகத் தாய் உபவாசம் இருக்கிறாள். கணவனுக்காக மனைவி பொருத்தனை செய்கிறாள். ஆர்டர் கையில் வந்துவிட்டால் அடுத்த ஞாயிறே சாட்சி, ஸ்தோத்திரக் காணிக்கை. இந்த ஜெபத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. நிரந்தரப் பணி என்றால் இந்த ஊரில் குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளின் படிப்பு, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு முகவரி. பசியையும் வாடகை வீட்டையும் பார்த்து வளர்ந்த ஒருவர் இதைக் கடவுளின் ஆசீர்வாதம் என்று சொன்னால் அது மனதார வரும் சொல்.

ஆசீர்வாதம் என்று சொன்ன உடனே ஒரு கேள்வி பின்னாலேயே வந்துவிடுகிறது. அதே பாய்லரின் அடியில், அதே கன்வேயர் பெல்ட்டின் ஓரத்தில், அதே ஷிப்டில், ஆண்டுக்கணக்காக ஒப்பந்தத் தொழிலாளியாகவே நிற்பவரும் ஜெபிக்கிறார். அதே சபையின் கடைசி வரிசையில்கூட அவர் உட்கார்ந்திருக்கலாம். கடவுள் ஒருவருக்குக் கொடுத்தார், இன்னொருவருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று முடித்துவிடலாமா? தான் செய்யாத, தான் வகுக்காத, ஆனால் தனக்கு நன்மை தருகிற ஓர் ஏற்பாட்டுக்குள் வாழும் விசுவாசியின் மேல் வேதம் என்ன கடமையை வைக்கிறது?

வேதாகம ஞானத்தை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது என்றதும் மனம் நீதிமொழிகளின் சில பக்கங்களுக்குப் போகிறது. நாவடக்கம், கோபத்தை ஆளுதல், பிள்ளை வளர்ப்பு, பிறர் கடனுக்குப் பிணை நிற்காமை, எறும்பின் சுறுசுறுப்பு. குடும்ப ஜெபக் கூட்டங்களிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை இத்தகைய வசனங்களே. நல்லவைதான். ஆனால் அதே நூல் 22ஆம் அதிகாரத்திலும் 23ஆம் அதிகாரத்திலும் முன்னோர் நட்ட எல்லைக்கல்லை நகர்த்தாதே என்று இருமுறை எச்சரிக்கிறது. திக்கற்ற பிள்ளைகளின் வயலுக்குள் நுழையாதே, அவர்களுக்காக வழக்காட வல்லவர் ஒருவர் இருக்கிறார் என்கிறது. யோபுவின் 31ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. தன் வேலைக்காரனின் வழக்கை அலட்சியம் செய்திருந்தால் தேவன் எழுந்து விசாரிக்கும்போது என்ன பதில் சொல்வேன் என்று யோபு நடுங்குகிறார். அந்த அதிகாரத்தின் கடைசியில், தன் நிலமே தனக்கு எதிராகக் கூப்பிட்டிருந்தால், அதன் உழவுச் சால்கள் அழுதிருந்தால், கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்று சத்தியம் செய்கிறார். யோபு கொடுங்கோலர் அல்லர், உத்தமர் என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவரே கூலியையும் நிலத்தையும் தன் பக்தியின் சோதனையாக வைத்துக்கொள்கிறார். அந்த இரண்டின் மேல்தான் நெய்வேலியும் எழுந்து நிற்கிறது.

முதலில் கூலியை எடுத்துக்கொள்வோம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. சோவியத் உதவியோடு கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இலாபத்துக்காக மட்டும் இயங்காத, தொழிலாளியை மனிதனாக நடத்தும் ஒரு பொதுத்துறை ஊராக இது கனவு காணப்பட்டது. நிழல் தரும் சாலைகளும் எண்ணிட்ட வட்டங்களும் தோட்டத்தோடு கூடிய வீடுகளும் அந்தக் கனவின் மிச்சம். காலப்போக்கில் வேலை நிரந்தரம், ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரிந்தது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார், தொழிலாளி மட்டும் அவரேதான். அந்தத் தொழிலாளியின் பெயர் இன்கோசர்வ் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தில் சேர்வதே ஒரு படி ஏறியதாகக் கருதப்பட்டது. 2010இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 ஜூலைக் கடைசியில் மறுபடியும் காலவரையற்ற போராட்டம். கோரிக்கை புதிதல்ல: பணி நிரந்தரம், அதுவரை வேலைக்கேற்ற ஊதியம்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த மத்திய விதிகளே, நிறுவனத்தின் நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையை, அல்லது அதை ஒத்த வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே கூலி, அதே விடுமுறை, அதே வேலைநேரம் என்று எழுதிவைத்தன. சம வேலைக்குச் சம ஊதியம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவில் இருக்கிறது. அரசுத்துறைத் தற்காலிக ஊழியர்களுக்கு அது பொருந்தும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், ஒரு வேலையில் ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் அதனால் மட்டுமே தொழிலாளி நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இல் செயில் எஃகு நிறுவன வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த இரு தீர்ப்புகளுக்கும் நடுவே ஒரு மனிதரின் இளமை முழுவதும் கழிந்துபோகிறது.

வேதமும் கூலியைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. கூலியாளின் சம்பளம் இரவைத் தாண்டி உன் கையில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19. அவன் ஏழை, அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான், சூரியன் மறையும்முன் கொடு என்கிறது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலியே வயலிலிருந்து கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5. ஆனால் இவை யாவும் கூலி கொடுப்பவரை நோக்கிச் சொல்லப்பட்டவை. நிரந்தர ஊழியர் கூலி கொடுப்பவர் அல்லர், அவரும் சம்பளம் வாங்குபவர். ஆகவே இந்த வசனங்கள் தலைக்கு மேலே எங்கோ, இயக்குநர் குழுவையும் அமைச்சகத்தையும் நோக்கிப் பறந்துபோவதாக அவர் நினைப்பது இயல்பு. அந்த இடைவெளியில்தான் மனச்சாட்சி நிம்மதியாகத் தூங்கிவிடுகிறது.

அதை எழுப்ப முயல்கிறவர்களுக்குச் சபைக்குள்ளிருந்தே சில பதில்கள் கிடைக்கும். ஒன்று, உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்று யோவான் ஸ்நானகன் லூக்கா 3இல் சொன்னது. அது யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்த்தால் பேச்சு மாறிவிடும். கையில் ஆயுதம் வைத்துக்கொண்டு, சாதாரண மக்களை மிரட்டிப் பணம் பறிக்கக்கூடிய படைவீரர்களிடம் அவர் சொன்னது அது. பறிகொடுத்து நிற்பவரிடம் அதைத் திருப்பிச் சொல்வது யோவானின் வாயில் வேறு சொல்லைத் திணிப்பதாகும். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று மூன்று வசனங்களுக்கு முன்னால் அவரே பொதுமக்களிடம் சொன்னதை இந்த வாதம் தொடுவதில்லை.

இன்னொரு பதில் சற்று ஆழமானது, அதனால் ஆபத்தும் அதிகம். மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்டத்து உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். என்னுடையதை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமையில்லையா என்று எஜமான் கேட்கிறார். பார்த்தீர்களா, கொடுப்பது எஜமானின் விருப்பம், யாருக்கு எவ்வளவு என்று கேள்வி கேட்கக்கூடாது என்று இதற்குப் பொருள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உவமையை வேலை கிடைக்காமல் நிற்கும் ஒருவரின் பக்கத்தில் நின்று வாசித்தால் அந்தப் பொருள் நிற்காது. அவர்களுக்குக் கிடைத்த ஒரு வெள்ளிப் பணம் என்பது அக்காலத்தில் ஒரு குடும்பம் ஒரு நாள் பிழைப்பதற்கான கூலி. எஜமான் தன் விருப்பத்தை எந்தத் திசையில் செலுத்துகிறார்? யாருடைய கூலியையும் அவர் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவனின் கூலியை, அவன் வீட்டில் அன்று உலை வைக்கத் தேவையான அளவுக்கு உயர்த்துகிறார். நாள் முழுவதும் ஏன் சும்மா நின்றீர்கள் என்ற கேள்விக்குக் கடைசி ஆட்கள் தரும் பதிலில் சோம்பல் இல்லை. எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதுதான் அந்தப் பதில்.

உவமையில் முறுமுறுப்பவர்கள் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதிகாலையிலேயே பேசி முடித்து, கூலி உறுதியோடு உள்ளே வந்தவர்கள். இன்றைய சொல்லில் அவர்கள்தாம் பெர்மனென்ட். அவர்களுக்கு வந்த நஷ்டம் ஏதும் இல்லை. தங்களுக்குச் சமமாக இவர்களையும் ஆக்கிவிட்டீரே என்பதே அவர்களுடைய குறை. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் கேண்டீனிலும் பஸ் ஸ்டாண்டிலும் எழும் முணுமுணுப்பு அந்த உவமையில் அப்படியே இருக்கிறது: நாங்கள் பரீட்சை எழுதி வந்தோம், அவர்கள் கான்ட்ராக்டில் வந்தவர்கள். தகுதித் தேர்வு எழுதியவரின் உழைப்பு மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் பக்கத்தில் நிற்பவரின் கூலி உயர்ந்தால் தன் மதிப்பு குறைந்துவிடும் என்ற உணர்வைத்தான் இயேசு அங்கே தொட்டுக் காட்டுகிறார். நிரந்தர ஊழியரை நேராகக் கேட்கும் வேதபகுதி இது. பட்டுவாடா அவர் கையில் இல்லை என்பது உண்மை. பக்கத்தில் நிற்பவரின் உயர்வைப் பார்க்கும் அவருடைய கண் அவருடையதுதான். எஜமானின் கடைசிக் கேள்வி அந்தக் கண்ணைப் பற்றியது.

நிலத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. அதை எளிதாக்கிச் சொல்வது யாருக்கும் நியாயமாகாது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றில் தண்ணீரோடு கருப்பாக ஏதோ பொங்கி வந்ததிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குகிறது. பின்னாளில் அவர் நூற்றுக்கணக்கான ஏக்கரைத் தாமாகவே திட்டத்துக்குக் கொடுத்தார். சுரங்கம் விரிய விரிய, கொடை கையகப்படுத்தலாக மாறியது. கிராமம் கிராமமாக மக்கள் பெயர்ந்தார்கள். பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த, சொந்த நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு விலை மதிப்பிட ஒன்றும் இல்லை. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்பதே ஊரார் தலைமுறையாகக் கேட்டுவரும் விலை. நிலத்தைக் கொடுத்து ஒப்பந்த வேலையில் சேர்ந்தவரும் உண்டு. கூலியின் கதையும் நிலத்தின் கதையும் அவருடைய வாழ்க்கையில் ஒன்றாகிவிடுகின்றன.

2023 ஜூலை 26 அன்று நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் நடந்தது தமிழகம் முழுவதும் பார்த்த காட்சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் மாற்றுப்பாதைக்கான கால்வாய் வெட்ட, பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது: நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, இழப்பீடும் கொடுக்கப்பட்டுவிட்டது, பயிரிட வேண்டாம் என்று சொல்லியும் இருந்தோம் என்றார்கள். வெறும் நிலமாகக் கிடந்ததால் விதைத்தோம் என்றார்கள் விவசாயிகள். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பிறகு, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொல்லி உத்தரவிட்டது. தன் மிருகத்தைப் பிறன் வயலில் மேயவிட்டவன் தன் வயலின் சிறந்த விளைச்சலிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்ற யாத்திராகமம் 22இன் சட்டம் நினைவுக்கு வருகிறது. பல சபைகளில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடக்கிறது. பூசணியும் வாழைத்தாரும் நெல்மூட்டையும் பீடத்துக்கு முன் வைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடப்படும். பயிர் ஆண்டவரின் கொடை என்று பாடுகிற வாய்க்கு, சில கிலோமீட்டர் தள்ளிப் பயிர் புரட்டப்பட்டபோது சொல்ல ஒரு சொல்லாவது இருந்திருக்க வேண்டும்.

நிலம் என்றதும் பிரசங்கிகள் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்குப் போவார்கள். 1 இராஜாக்கள் 21. இந்தக் கதையைப் பெரும்பாலும் பாதியாகவே கேட்டிருக்கிறோம்: பேராசை பிடித்த ராஜா, பொல்லாத ராணி, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஏழை விவசாயி. நிதானமாக வாசித்தால் ராஜா ஆகாப் முதலில் கேட்ட விதம் நாகரிகமானது. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் விலையைப் பணமாகத் தருகிறேன் என்கிறார். இழப்பீடு நியாயமானதுதான். முன்னோரின் சுதந்தரத்தை விற்கமாட்டேன் என்று நாபோத் மறுக்கிறார். பணத்தால் அளக்க முடியாத ஏதோ ஒன்று நிலத்தில் இருக்கிறது என்பதை ஒரு ராஜாவின் முன் நின்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. இன்றைய சட்டம் அந்த மறுப்புக்கு இடம் தருவதில்லை. பொதுத்துறைத் திட்டத்துக்காக அரசு நிலம் எடுக்கும்போது ஆட்சேபம் சொல்லலாம், விலையைப் பற்றி வாதாடலாம், விற்கமாட்டேன் என்ற சொல் மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது.

ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானவர்கள் ஆகாபும் அல்லர், நாபோத்தும் அல்லர். ராணி யேசபேல் ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, நாபோத் குடியிருந்த யெஸ்ரயேலின் மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்புகிறாள். உபவாசம் அறிவியுங்கள், பொய்ச்சாட்சி இருவரை நிறுத்துங்கள் என்று அதில் இருக்கிறது. மூப்பர்கள் கடிதத்தில் கண்டபடியே செய்தார்கள். அவ்வளவுதான் வேதம் சொல்வது. தோட்டத்தில் ஒரு திராட்சைப்பழம்கூட அவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. நாபோத் அவர்களுடைய அண்டைவீட்டுக்காரர். அவர்மேல் பகை இருந்ததாகவும் இல்லை. மேலிருந்து கடிதம் வந்தது, முத்திரை சரியாக இருந்தது, செய்துமுடித்துத் தகவல் அனுப்பினார்கள். தீர்க்கதரிசி எலியாவின் கண்டனம் ஆகாபுக்குப் போகிறது. மூப்பர்களின் பெயர்களைக்கூட வேதம் எழுதிவைக்கவில்லை.

நெய்வேலி நிறுவனத்தை யேசபேல் ஆக்குவது இந்த ஒப்பீட்டின் நோக்கமல்ல. இங்கே சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, கொலையும் பொய்ச்சாட்சியும் இல்லை. இங்கே எடுக்கப்படும் மின்சாரம் தமிழகத்துக்கும் புதுவைக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. நிலம் இழந்தவரின் வீட்டு விளக்கும் அதில் எரிகிறது. பொது நன்மை என்பது வெற்றுச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பஞ்சகாலத்தில் எகிப்தின் நிலங்களையெல்லாம் பார்வோனுக்காக வாங்கிய யோசேப்பையே வேதம் நம் முன் வைக்கிறது. மக்கள் உயிர் பிழைத்தார்கள், ஆனால் நிலமற்ற அடிமைகள் ஆனார்கள். ஆதியாகமம் 47 இரண்டையும் மறைக்காமல் சொல்கிறது. அதே அதிகாரத்தில் ஒரு சிறு குறிப்பும் உண்டு: ஆசாரியர்களின் நிலத்தை மட்டும் யோசேப்பு வாங்கவில்லை, பார்வோன் அவர்களுக்குப் படி அளந்துகொண்டிருந்தார். ஜனங்களின் நிலம் போனபோது ஆசாரியர் என்ன சொன்னார்கள் என்று எதுவும் எழுதப்படவில்லை. நகரியத்துக்குள் இருக்கும் சபை இந்தக் குறிப்பை மெதுவாக வாசிக்க வேண்டும்.

ஆக, குற்றம் செய்யாத நடுவாளின் நிலைதான் நம் முன்னே இருப்பது. இந்த நிலையில் இருப்பவர் வேலையை விட்டுவிட வேண்டுமா? அப்படிச் சொல்லும் கண்டிப்பு பார்க்கத் தூய்மையாகத் தோன்றும். ஆனால் ஒருவர் ராஜினாமா செய்தால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார், ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை அணுவளவும் மாறாது. வேதத்திலேயே வேறொரு வழி இருக்கிறது. யெஸ்ரயேலின் மூப்பர்கள் வரும் அதிகாரத்துக்கு மூன்று அதிகாரம் முன்னால், அதே ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரனாக ஒபதியா இருக்கிறார். யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றபோது, அவர் நூறு பேரைக் குகைக்கு ஐம்பதாக ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். நாடே தண்ணீருக்கு அலைந்த பஞ்சகாலம் அது. ஒபதியா வீரர் அல்லர். எலியாவைச் சந்தித்தபோது, ஆகாப் என்னைக் கொன்றுவிடுவானே என்று பயந்து புலம்புகிறார். பயத்தோடே வேலையில் இருந்தார், பயத்தோடே தன் பதவிக்கு எட்டிய அளவில் உயிர்களைக் காத்தார். அவருக்கும் மூப்பர்களுக்கும் ராஜா ஒருவனே, முத்திரை ஒன்றே. ஒபதியா தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தங்கள் கையிலும் ஏதோ இருக்கிறது என்பதை மூப்பர்கள் பார்க்க மறுத்தார்கள். இந்த வித்தியாசத்தில்தான் நம் கேள்விக்கான விடை இருப்பதாகத் தோன்றுகிறது.

நிரந்தர ஊழியரின் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கையெழுத்து. மஸ்டர் ரோலில், ஒப்பந்தக்காரரின் பில்லில், வேலை தொடங்கும் முன் தரும் பெர்மிட்டில். 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் பாய்லர் பகுதியில் பெரும் விபத்துகள் நடந்தன. ஜூலை விபத்தில் அன்றே ஆறு பேர் இறந்தார்கள். படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களிலும் பலர் திரும்பவில்லை. பலியானவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறையப் பேர். அந்த விபத்துகளின் பழியை எந்தத் தனி ஊழியரின் மேலும் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அனல்மின் நிலையத்தில் ஒரு கையெழுத்து எவ்வளவு கனமானது என்பதை அந்த இரண்டு நாள்கள் காட்டிவிட்டன. குளிர்ந்துவிட்டதா, சாம்பல் இறங்கிவிட்டதா, அழுத்தம் விடுவிக்கப்பட்டதா என்று நேரில் பார்க்காமல் பெர்மிட்டில் போடும் கையெழுத்து, கடிதத்தில் கண்டபடியே செய்தவர்களின் கையெழுத்தோடு சேர்ந்துவிடுகிறது. உற்பத்தி தாமதமாகிறது என்று மேலதிகாரி கடிந்துகொண்டாலும், இன்னும் இரண்டு மணி நேரம் ஆகட்டும் என்று பேனாவை மூடிவைப்பவர் தன் அளவில் ஒபதியாவின் வேலையைச் செய்கிறார். அவருக்கு வருவது ஒரு மெமோவாக இருக்கலாம். உள்ளே இறங்குபவருக்குப் போவது உயிர்.

ஞாயிறு ஷிப்ட்டைப் பற்றிய தயக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நெய்வேலி சுரங்கத்தின் அடியில் இருக்கும் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். பண்டிகை நாளானாலும் பம்ப் நிற்க முடியாது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்காமல் இருப்பீர்களா என்று லூக்கா 14இல் இயேசு கேட்ட கேள்வி இங்கே தாராளமாகப் பொருந்தும். ஞாயிறு வேலைக்குப் போகும் விசுவாசி குற்ற உணர்வோடு போகத் தேவையில்லை. இறைக்கும் நீரால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கீழே போகின்றன என்ற விவசாயிகளின் முறையீட்டுக்குச் செவிகொடுக்கிறாரா என்பது, ஞாயிறன்று அவர் எங்கே இருந்தார் என்பதைவிடப் பெரிய கேள்வி.

கையெழுத்தைப் போலவே சங்கத்தில் போடும் வாக்கும் அவர் கையில் இருக்கிறது. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நிரந்தரத் தொழிலாளர் சங்கங்களின் குரலுக்குத்தான் எடை அதிகம். தன் சங்கம் ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கையைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளும்போது, கூட்டத்தில் எழுந்து ஏன் என்று கேட்பதற்கு வேத அறிவு பெரிதாகத் தேவையில்லை. ஆனால் மத்தேயு 20ஐ வாசித்தவர் எழுந்திருக்காமல் இருப்பது கடினம்.

போப் இரண்டாம் ஜான் பால் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் மறைமுக முதலாளி என்றொரு கருத்து வருகிறது. கூலி கொடுப்பவர் நேரடி முதலாளி. அந்தக் கூலி எவ்வளவாக இருக்கும் என்பதை வெளியே இருந்து தீர்மானிக்கும் சட்டம், ஒப்பந்தம், அமைப்புகள், அவற்றை நடத்தும் மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து மறைமுக முதலாளி. அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்கிறார். பொறுப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். இது நெய்வேலிக்கு மட்டுமான செய்தியல்ல. சென்னையில் விசிறியின் கீழ் அமர்ந்து பிரசங்கம் கேட்பவரும், மலிவான மின்கட்டணத்தை உரிமையாக எண்ணும் நாம் எல்லாரும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறோம். ஆனாலும் தூரத்தில் இருப்பவரின் பொறுப்பும் பக்கத்தில் நிற்பவரின் பொறுப்பும் ஒன்றாகிவிடாது. ஒரே கன்வேயரின் ஓரத்தில் நிற்பவருக்கு முகம் தெரியும், பெயர் தெரியும்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி நியாயமாகவே எழும். இவ்வளவையும் ஒரு ஊழியரின் மேல் சுமத்துவது, பெரிய அமைப்பின் தவறைச் சிறிய மனிதனின் மனச்சாட்சிக்கு மாற்றிவிடுவதாகாதா? இந்த அச்சம் சரியானது. நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியதைத் தனிமனிதரின் தர்மம் ஈடுசெய்துவிடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிறிஸ்துமஸ் கேக்கும் புதுச்சட்டையும் கொடுத்துவிட்டு, ஊதியக் கோரிக்கை வரும்போது விலகி நிற்கும் தாராளம் வேதம் கேட்கும் நீதிக்கு அருகில்கூட வராது. கூலி ஒருவருடைய உரிமை. தர்மம் அந்த இடத்தை நிரப்பினால் வாங்குபவர் தலைகுனிந்துதான் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் அமைப்பு மாறும்வரை நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் அதே அமைப்பு எதிர்பார்க்கும் பதில்தான்.

நெகேமியாவின் புத்தகம் 5ஆம் அதிகாரம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. பஞ்சத்தில் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகுவைத்த ஜனங்கள் தங்கள் சகோதரரான யூதரைக் குறித்தே முறையிடுகிறார்கள். நெகேமியா அதிபதி. பிரபுக்களைக் கூட்டிக் கடிந்துகொள்ளும்போது, நானும் என் சகோதரரும் என் ஆட்களும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன் வீட்டுக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறார். வட்டியை விட்டுவிடுவோம், நிலத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அதிபதிக்குரிய படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் தாம் வாங்கவில்லை என்றும் அந்த அதிகாரத்திலேயே எழுதிவைக்கிறார். பிரபுக்கள் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லாமல் போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

சபையின் கணக்குப் புத்தகத்தையும் அப்படித் திறக்கலாம். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குபவரும் காவலாளியும் வாங்குவது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியா, அல்லது ஊழியம் என்ற பெயரில் அதற்கும் கீழா? வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா? கிறிஸ்தவர் நடத்தும் பள்ளியில் ஆசிரியை கையெழுத்திடும் தொகையும் கையில் வாங்கும் தொகையும் ஒன்றா? கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க நிறுவனத்தின் கொள்கை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதைவிடவும் அருகில் இருப்பது குவார்ட்டர்ஸின் சமையலறை. பாத்திரம் தேய்க்க வருபவர் சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்துதான் வருகிறார். சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த குடும்பத்துப் பெண்ணாகவும் இருக்கலாம். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை உபாகமம் 5இல் வரும்போது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று காரணத்தோடு சொல்கிறது. ஞாயிறு காலை வீடே ஆராதனைக்குக் கிளம்பும்போது அவருக்கும் அன்று விடுப்பு, கூலிப் பிடித்தம் இல்லாத விடுப்பு. மாதச் சம்பளம் முதல் தேதியில், கேட்டு வாங்க வைக்காமல். இதற்கு டெண்டரும் வேண்டாம், டெல்லியின் ஒப்புதலும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம்.